பிணைக்கு ஆள் இருக்கா?



இந்தக் கூட்டத்தில் எனக்குத் தந்த தலைப்பு 'குற்றமும் சமூகமும் தண்டனையும்'. மூன்றுமே பெரிய சொற்கள். நான் சட்டத்தரணியும் இல்லை, பேராசிரியரும் இல்லை. கிழக்கிலே பல நீதிமன்றங்களில் முப்பது வருடத்துக்கு மேல் மொழிபெயர்ப்பாளனாக நின்றவன். பழைய ஆட்கள் 'இன்டர்பிரிட்டர் முதலியார்' என்பார்கள். பெயரில் முதலியார் இருந்தாலும் சம்பளத்தில் இருந்ததில்லை. நீதவானின் இருக்கைக்குக் கீழே, கூண்டுக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில் நிற்பவன். மேலே இருப்பவர் பேசுவது கீழே நிற்பவனுக்கு விளங்காது, கீழே நிற்பவன் பேசுவது மேலே போகாது. அந்த இடைவெளியிலே என் சீவியம் போனது. அங்கிருந்து எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலில் இரண்டு சொற்கள். குற்றம் சாட்டப்பட்டவனுக்கு எங்கள் நீதிமன்றத் தமிழில் பெயர் 'எதிரி'. வழக்கு இன்னும் தொடங்கவில்லை, சாட்சி இன்னும் வாய் திறக்கவில்லை, ஆனால் அவன் எதிரி. யாருக்கு எதிரி என்று முப்பது வருடத்தில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. அவன் குற்றத்தை மறுத்தால் 'சுற்றவாளி' என்று பதிகிறோம். 'சுத்தவாளி' என்று எழுதுவாரும் உண்டு. ஒரு பக்கம் எதிரி, மறுபக்கம் சுத்தம். நடுவிலே ஒரு சாதாரண மனிதன் நிற்பதற்கு அந்த மொழியில் இடமில்லை.

இனி ஒரு கேள்வி. எந்த நீதவான் நீதிமன்றத்துக்கும் காலை எட்டரைக்குப் போய் வாசலில் நில்லுங்கள். பொலிஸ் வண்டியில் இரவு பிடிபட்டவர்களைக் கொண்டுவந்து இறக்குவார்கள். மரத்தடியில் சொந்தக்காரர் கூட்டம். பெண்கள்தான் அதிகம். அங்கே அதிகம் கேட்கப்படும் கேள்வி 'என்ன செய்தவன்' அல்ல. 'பிணைக்கு ஆள் இருக்கா?' என்பதுதான். இரண்டு பேர் வேண்டும். அடையாள அட்டை வேண்டும். இன்ன ஊரில் நிரந்தரமாக இருப்பவர் என்று கிராம உத்தியோகத்தரின் கடிதம் வேண்டும். சில வேளை சம்பளச் சீட்டும் வேண்டும். இவை உள்ளவன் பின்னேரத்துக்குள் வீட்டுக்குப் போவான். இல்லாதவன் அடுத்த தவணை வரை, அதாவது பதினான்கு நாள், மறியலில். குற்றம் ஒன்றுதான், சட்டப் பிரிவும் ஒன்றுதான். ஒருவனுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது, மற்றவனுக்கு இல்லை.

1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம் பிணை கொடுப்பதே விதி, மறுப்பதே விலக்கு என்று அழகாகத்தான் சொல்கிறது. சட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. பிணை கொடுத்தாயிற்று, கையெழுத்து வைக்கத்தான் ஆளில்லை என்றால் சட்டம் என்ன செய்யும்? குற்றத்துக்குச் சமூகம் காரணமா என்று பட்டிமன்றம் வைப்பவர்கள் இந்த வாசலைப் பார்க்க வேண்டும். ஒருவன் எப்படிக் குற்றம் செய்கிறான் என்பதிலும் சமூகம் இருக்கிறது. அதற்கு அவன் எவ்வளவு அனுபவிக்கிறான் என்பதிலும் அதே சமூகம் இருக்கிறது. முதலாவதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. இரண்டாவதைப் பற்றிப் பேச எங்களுக்குக் கொஞ்சம் கூச்சம்.

எங்கள் கடலில் இருந்தே ஒரு உதாரணம் எடுக்கிறேன். திருகோணமலையில் டைனமைட் போட்டு மீன் பிடிப்பது உங்களுக்குப் புதிதல்ல. இரகசியமும் அல்ல. கல்குவாரிக்கென்று வரும் 'வோட்டர் ஜெல்' குச்சி எப்படியோ கரைக்கு வருகிறது. அதோடு வெடிக்க வைக்க ஒரு கெப்பு, கொளுத்த ஒரு சாண் சேவா நூல். பாரைக் கூட்டம் தண்ணீருக்கு மேல் சலசலக்கும்போது கொளுத்தி எறிய வேண்டும். நூல் நீளமாக இருந்தால் வெடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிடும். ஆகவே நூலைக் குறுக்குவார்கள். குறுக்கக் குறுக்க மீன் கூடும், கை குறையும். மணிக்கட்டோடு கை போனவர்களை இந்தக் கரையில் நான் கண்டிருக்கிறேன், நீங்களும் கண்டிருப்பீர்கள். 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில் சட்டம் இதைத் தடை செய்கிறது. தடை செய்யத்தான் வேண்டும். ஒரு வெடிக்குப் பெரிய மீன் பத்துச் சாகும்போது, கண்ணுக்குத் தெரியாத குஞ்சு ஆயிரம் சாகும். முருகைக் கல் நொறுங்கிப் போனால் திரும்ப வளர ஒரு தலைமுறை வேண்டும்.

இந்த வழக்கில் முக்கிய சாட்சி மீன்தான். தெரிந்த பெண்கள் சந்தையிலேயே பிடித்துவிடுவார்கள். மேலே பார்த்தால் காயமே இருக்காது, கண் பளபளக்கும். வயிற்றைக் கீறினால் காற்றுப்பை கிழிந்திருக்கும், முதுகெலும்பு நடுவில் முறிந்திருக்கும், எலும்பை ஒட்டி இரத்தம் கண்டியிருக்கும். ஒரு வழக்கில் அப்படிக் கீறிய மீனை ஈயத் தட்டில் வைத்து மேசைக்குக் கொண்டு வந்தார்கள். மீன் கொழும்புக்குப் போய்ப் பரிசோதனைச் சான்று வரப் பிந்தும் என்பதால் எல்லோரும் பார்த்துக்கொள்ளட்டும் என்ற எண்ணம் போலும். மன்று முழுக்க மணத்தது. கூண்டில் நின்ற பெடியனுக்கு இருபது வயது இருக்கும். மீனை அவன் பார்த்த பார்வையில் குற்ற உணர்ச்சி எதுவும் இல்லை, கணக்குத்தான் இருந்தது. அந்தத் தட்டில் கிடந்தது எத்தனை கிலோ, வாடியில் என்ன விலை, இஞ்சின் கடனில் எவ்வளவு கழியும்.

அந்தக் கணக்கு அவன் போட்டதல்ல. யுத்த காலத்தில் இந்தக் கடலில் எந்த நேரம் போவது, எவ்வளவு தூரம் போவது, எத்தனை குதிரை வலு இஞ்சின் பூட்டுவது எல்லாம் கடற்படையின் அனுமதியில் இருந்தது. இரவுத் தொழில் இல்லாத மாதங்கள் இருந்தன. அந்தக் காலத்தில் வலையும் தொழிலும் தகப்பனிடம் இருந்து மகனுக்கு முறையாகக் கைமாறவில்லை. யுத்தம் முடிந்து கடல் திறந்தபோது கடனும் சேர்ந்து திறந்தது. படகும் இஞ்சினும் வாடி முதலாளியின் காசு, பிடிக்கும் மீனை அவருக்கே போட வேண்டும், விலையையும் அவரே சொல்வார். வெடிக்கான குச்சியை வாங்க ஒரு மீனவப் பெடியனுக்கு எங்கே தெரியும்? குவாரியில் இருந்து கரை வரை அது நாலு கை மாறி வருகிறது. கூண்டுக்கு வருவது ஐந்தாவது கை மட்டும். சில வேளை அந்தக் கையிலும் பாதிதான் இருக்கிறது.

அவனுக்குத் தண்டம் விதித்தார்கள். அன்று பின்னேரமே ஒருவர் வந்து முழுக் காசையும் கட்டிவிட்டுப் போனார். யார் என்று நான் கேட்கவில்லை, பற்றுச்சீட்டில் பெடியனின் பெயர்தான் இருந்தது. அவனுக்கு ஆள் இருந்தது. அந்த ஆளுக்கு அவன் மறுபடி கடலுக்குப் போக வேண்டியிருந்தது.

இதற்கு மேல் இதை விளக்குவது என் வேலையல்ல. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்: வறுமை காரணம் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது என்று நினைக்கிறோம். அதே கரையில் அதே வறுமையில் வெடியைத் தொடாத நூறு குடும்பம் இருக்கிறது. அவர்கள் வலையைத் தைத்துக்கொண்டு, பிடிபட்டவனைத் திட்டிக்கொண்டு, அவன் தம்பிக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டு இருக்கிறார்கள். ஏழை என்றால் குற்றவாளி என்று சொல்வது அந்த நூறு குடும்பத்துக்கும் செய்யும் அவமானம். வறுமை ஒருவனைப் படகில் ஏற்றலாம். கையில் குச்சியைக் கொடுப்பதற்கு ஒரு ஆள் வேண்டும்.

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம். கடலுக்கு அப்பால் மூதூர். கொட்டியாரக் குடா. 1659இல் புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல் அங்கே ஒதுங்கியது. 1660 ஏப்ரலில் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவரையும் பத்தொன்பது வயது மகனையும் கூட வந்தவர்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். மகன்தான் றொபேட் நொக்ஸ். தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்தார். மகன் பத்தொன்பது வருடத்துக்கு மேல் கைதி. 1679இல் அரிப்பு வழியாகத் தப்பி, 1681இல் லண்டனில் புத்தகம் போட்டார். இப்போதும் மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' என்று ஒரு இடத்தைக் காட்டுவார்கள்.

அவர் கைதியாக இருந்தார், ஆனால் சிறை இருக்கவில்லை. மலைநாட்டுக் கிராமங்களில் ஒவ்வொருவராகப் பிரித்து வைத்தார்கள். ஊரார் முறை வைத்துச் சோறு கொடுக்க வேண்டும், ஊரார்தான் காவலும். குற்றம் என்ன என்று கடைசி வரை ஒருவரும் சொல்லவில்லை. நொக்ஸ் தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடன் கொடுத்து வாங்கினார், வீடு கட்டினார். இதைக் கேட்டு அந்தக் காலம் மென்மையானது என்று நினைத்துவிடாதீர்கள். யானையை விட்டு மிதிக்க வைத்ததையும், ஒருவன் மேல் வந்த கோபத்துக்குக் குடும்பமே அழிந்ததையும் அவரே எழுதுகிறார். நான் கவனித்தது வேறு. சுவர் இல்லாத காலத்தில் ஒரு கைதிக்கு ஊர் முழுக்கப் பிணை நின்றது. விருப்பத்தோடு அல்ல, அரசனுக்குப் பயந்து. ஆனாலும் அவன் எங்கே இருக்கிறான், சாப்பிட்டானா என்று யாரோ ஒருவருக்குத் தினமும் தெரிந்திருக்க வேண்டியிருந்தது.

ஆங்கிலேயர் வந்ததும் கணக்கு மாறியது. 1841இல் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், அதே காலத்தில் வெலிக்கடைச் சிறை, 1877இல் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டம், 1883இல் தண்டனைச் சட்டக்கோவை. நல்ல தெளிவான சட்டங்கள். இன்றைக்கும் அவற்றில்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம். வேலையும் வீடும் இல்லாமல் அலைவதைக் குற்றமாக்கிய முதலாவது சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதைச் சும்மா சொல்லி வைக்கிறேன். அந்தக் கால வெள்ளைக்கார உத்தியோகத்தரின் அறிக்கைகளில் ஒரே பல்லவி: இந்தச் சனம் பொய் சொல்லும் சனம், பொய் வழக்குப் போடும் சனம், மாடு திருடும் சனம். ஜோன் றொஜர்ஸ் என்ற வரலாற்றாசிரியர் 1987இல் காலனித்துவ இலங்கையின் குற்றங்களைப் பற்றி எழுதிய நூலில் மாட்டுத் திருட்டு, கொலை, கலவரம் மூன்றையும் எடுத்து ஆராய்ந்திருக்கிறார். படித்தால் ஒன்று தெரியும்: திருட்டு மாடு தானாக நடந்து இறைச்சிக்கடைக்குப் போவதில்லை. இடையிலே ஊர்ப் பெரிய மனிதரின் தொழுவம் ஒன்று இருக்கும்.

இதை எல்லாரையும் விட நன்றாகக் கண்டவர் ஒரு வெள்ளைக்காரரே. லெனார்ட் வுல்ஃப். யாழ்ப்பாணம், கண்டி, அம்பாந்தோட்டை என்று 1904 முதல் 1911 வரை இங்கே சிவில் சேவையில் இருந்தார். கண்டியில் தூக்குத் தண்டனை நிறைவேற்றும்போது உத்தியோக முறையில் பக்கத்தில் நிற்க வேண்டியிருந்தது. அம்பாந்தோட்டையில் அவரே நீதவானாக வழக்குக் கேட்டார். நாட்டை விட்டுப் போய் 1913இல் 'தி வில்லேஜ் இன் த ஜங்கிள்' என்ற நாவலை எழுதினார். சிலிந்து என்ற வேட்டைக்காரன். சேனை வெட்ட அனுமதி வேண்டும் என்றால் ஊர்த் தலைவரின் தயவு வேண்டும். தயவு நின்றால் பசி. மருமகன் பபுன் மேல் பொய்த் திருட்டு வழக்குப் போடுகிறார்கள். மறியலுக்குப் போனவன் திரும்பவில்லை. கடைசியில் சிலிந்து துவக்கை எடுக்கிறான். சட்டத்தின் கண்ணில் இரண்டு கொலை, ஒரு குற்றவாளி.

அந்த நாவலின் வழக்கு மன்றக் காட்சியை என்னால் ஒரே இருப்பில் வாசிக்க முடிந்ததில்லை. வழக்கு ஆங்கிலத்தில் நடக்கிறது. கூண்டில் நிற்பவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நீதவான் நேர்மையானவர், லஞ்சம் வாங்கவில்லை, நடைமுறையில் ஒரு பிழையும் இல்லை. அங்கேயும் மொழிபெயர்ப்பாளன் ஒருவன் இருந்திருப்பான் அல்லவா?

அவனைப் பற்றித்தான் இப்போது சொல்லப் போகிறேன், என்னைப் பற்றி. வேலைக்குச் சேர்ந்த புதிதில், காட்டு மரம் வெட்டிய வழக்கு ஒன்று. நீதவானுக்குச் சிங்களம், பொலிசுக்குச் சிங்களம். எதிரி வெருகல் பக்கத்து வயோதிபர், தோளில் சால்வை. குற்றப்பத்திரத்தை வாசித்து, 'விளங்கினதா? குற்றவாளியா சுற்றவாளியா?' என்று ஒரே மூச்சில் கேட்டேன். 'ஓம் ஐயா' என்றார். ஒப்புக்கொள்கிறார் என்று மேலே சொன்னேன். தண்டம் விதிக்கப்பட்டது. கட்டக் காசில்லை, உள்ளே போனார். போகும்போது விறாந்தையில் என்னைக் கண்டு கோபமில்லாமல் கேட்டார்: 'நான் வெட்டேல்லயே ஐயா. விளங்கினதா எண்டு கேட்டியள், ஓம் எண்டன்.'

எங்கள் பக்கத்து ஊர்களில் பெரியவர்கள் பேசும்போது ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டிருப்பது மரியாதை. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். அதை நான் பள்ளிக்கூடம் போகாமலே அறிந்திருந்தேன். மன்றுக்குள் போனதும் மறந்துவிட்டேன். அதன் பிறகு இரண்டு கேள்வியையும் பிரித்துத்தான் கேட்டேன், நடுவிலே மூச்சு விட்டு. அந்தப் பெரியவருக்கு அது உதவவில்லை.

தண்டப்பணத்துக்கு வருவோம், ஏனென்றால் அது எல்லாரும் இலேசாக நினைக்கும் தண்டனை. இலங்கைச் சிறைகளுக்குத் தண்டனை பெற்றுப் போகிறவர்களில், பல ஆண்டுகளின் கணக்கைப் பார்த்தால், பாதிக்கும் மேற்பட்டோர் தண்டப்பணம் கட்ட முடியாமல் போனவர்கள். நீதவான் அவர்களைச் சிறைக்கு அனுப்ப நினைக்கவில்லை. காசைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போ என்றுதான் சொன்னார். தவணை முறையில் கட்டவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கேட்கத் தெரிந்தவன் கேட்கிறான். அதோடு தண்டனையே பெறாமல் விளக்கமறியலில் கிடப்பவர்களைச் சேருங்கள். எந்த நாளில் எண்ணினாலும் தண்டனை பெற்றவர்களை விட அவர்கள்தான் கூட. நாட்டின் சிறைகள் தாங்கும் அளவுக்கு இருமடங்குக்கு மேல் சனம் உள்ளே இருக்கிறது. முறை வைத்துத் தூங்குகிறார்கள்.

வெசாக்குக்கும் சுதந்திர தினத்துக்கும் நத்தாருக்கும் பொதுமன்னிப்பு என்று நூற்றுக்கணக்கானோரை விடுவார்கள். பத்திரிகையில் படம் வரும். யார் அவர்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் இந்தக் காசு கட்டாதவர்கள்தான். உள்ளே போயிருக்கவே வேண்டாதவனை வெளியே விடுவதற்கு மன்னிப்பு என்று பெயர்.

கசிப்பு விற்ற ஒரு விதவைக்கும், போதையில் வாகனம் ஓட்டிய கொன்திராத்துக்காரருக்கும் ஒரே தொகைத் தண்டம் விதித்தால், ஒருவருக்கு அது ஒரு நாள் இரவுச் சாப்பாடு, மற்றவருக்குப் பிள்ளைகளை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்ற கேள்வி. பின்லாந்து நாடு இதை 1921இலேயே கவனித்து 'நாள் தண்டம்' என்று ஒரு முறை கொண்டு வந்தது. குற்றத்தின் பாரத்துக்கு இத்தனை நாள் என்று எண்ணிக்கை. ஒரு நாளுக்கு எவ்வளவு என்பது அவனவன் வருமானத்தைப் பொறுத்தது. சுவீடன் 1931இல் பின்தொடர்ந்தது. பின்லாந்தில் பணக்காரன் வேகமாகக் கார் ஓட்டினால் பல்லாயிரம் யூரோ கட்ட நேரும். நூறு வருடமாகியும் எங்கள் காதில் இது விழவில்லை. வருமானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். வரித் திணைக்களமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறது.

தண்டனை கடுமையாக இருந்தால் குற்றம் குறையும் என்று நம்புகிறவர்கள் இந்த மண்டபத்திலேயே பாதிப்பேர் இருப்பீர்கள். தேநீர்க் கடையில் நான் தினமும் கேட்கிறேன்: 'ரெண்டு பேரைத் தூக்கில போட்டா எல்லாம் சரி வரும்.' இந்த நாடு அதைச் சோதித்துப் பார்த்த நாடு. 1956இல் பண்டாரநாயக்க அரசு தூக்கை நிறுத்தியது. 1958இல் அதற்குச் சட்டமும் வந்தது. அடிலெய்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் நோர்வல் மொரிஸ் தலைமையில் ஒரு ஆணைக்குழு புள்ளிவிபரங்களைத் தோண்டி, தூக்கு நின்றதால் கொலை கூடியது என்பதற்கு ஆதாரமில்லை என்று 1959இல் அறிக்கை கொடுத்தது. அதே வருடம் செப்டெம்பரில் பண்டாரநாயக்கவே சுட்டுக் கொல்லப்பட்டார். நாடு அறிக்கையைப் படிக்கிற மனநிலையில் இருக்கவில்லை. தூக்கு திரும்ப வந்தது. சுட்ட சோமராம தேரர் 1962 ஜூலையில் தூக்கிலிடப்பட்டார். கடைசித் தூக்கு 1976 ஜூன். அன்று முதல் இன்று வரை நீதிபதிகள் மரண தண்டனை விதிக்கிறார்கள், ஒருவரும் சாவதில்லை, கைதிகள் காத்திருக்கிறார்கள். 2019இல் ஜனாதிபதி சிறிசேன போதைப்பொருள் கைதிகள் நால்வருக்கு ஆணையில் கையெழுத்திட்டார்; உயர் நீதிமன்றம் தடுத்தது. 2022இல் 'ஐஸ்' போதைப்பொருளை 5 கிராமுக்கு மேல் வைத்திருந்தால் மரணமோ ஆயுளோ என்று சட்டம் திருத்தப்பட்டது. ஐஸ் வாங்க இன்று எந்தப் பெடியனும் மூதூர் வள்ளம் ஏற வேண்டியதில்லை. தெருமுனைக்கு வருகிறது.

பயப்படுத்துவது தண்டனையின் பாரம் அல்ல, பிடிபடுவோம் என்ற நிச்சயம். 1764இல் இத்தாலியின் பெக்காரியா இதை எழுதினார். எங்கள் ஊரில் அந்த நிச்சயம் எப்படி இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு வந்தால் கடற்கரைப் பக்கம் பார்க்காமல் இருக்க முடியாது. 2006 ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம், திருகோணமலைக் கடற்கரையில் காந்தி சிலைக்கு அருகே ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். கைக்குண்டு வெடித்ததாக முதலில் சொல்லப்பட்டது. துப்பாக்கிச் சூட்டுக் காயங்களைப் படம் பிடித்து வெளிக்கொண்டு வந்த ஊடகவியலாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். ஏழு வருடம் கழித்து 2013இல் விசேட அதிரடிப்படையினர் கைதானார்கள். 2019 ஜூலை 3ஆம் திகதி, போதிய சாட்சியம் இல்லை என்று பதின்மூன்று பேரும் விடுவிக்கப்பட்டார்கள். கிளிவெட்டிக்குப் பக்கத்தில் குமாரபுரம்: 1996 பெப்ரவரி 11, பெண்களும் குழந்தைகளும் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். வழக்கு அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. 2016 ஜூலை 27இல் ஆறு இராணுவத்தினரையும் ஜூரி சபை விடுவித்தது. 2006 ஓகஸ்டில் மூதூரில் கொல்லப்பட்ட பதினேழு தொண்டு நிறுவன ஊழியர்களின் விடயத்தில் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை.

மன்றுகளின் தீர்ப்புகளை நான் விமர்சிக்க வரவில்லை. சாட்சி இல்லை என்றால் நீதிபதி என்ன செய்வார்? சாட்சி ஏன் இல்லை என்பதுதான் என் கேள்வி. குமாரபுரத்திலிருந்து அநுராதபுரத்துக்கு ஒரு வயோதிபப் பெண் எத்தனை தவணைக்குப் போய் வருவாள்? அங்கே அவளுக்குப் பக்கத்தில் யார் இருப்பார்? எதிரிக்குப் பிணைக்கு ஆள் வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். சாட்சிக்கும் ஆள் வேண்டும். பாதிக்கப்பட்டவர்களையும் சாட்சிகளையும் பாதுகாக்கும் சட்டம் 2015இல்தான் வந்தது. அந்த மாணவர்களுக்கு ஒன்பது வருடம் பிந்தி, குமாரபுரத்துக்குப் பத்தொன்பது வருடம் பிந்தி.

இப்படி ஒரு கடற்கரையைப் பார்த்து வளர்ந்த பிள்ளை சட்டத்தைப் பற்றி என்ன படிக்கிறான்? வெடியோடு பிடிபட்டால் மறியல், இரண்டு போத்தல் கசிப்போடு பிடிபட்டால் மறியல். பெரிதாகச் செய்தால் வேறு கணக்கு. குற்றத்துக்குச் சமூகக் காரணம் என்று புத்தகங்களில் குடும்பம், வறுமை, கூட்டாளி, போதை என்று எழுதியிருக்கும். தண்டிக்கப்படாத பெரிய குற்றத்தையும் அதில் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்கிறேன்.

நல்லதும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வந்த மத்தியஸ்த சபைகள் யுத்தம் ஓய்ந்த பிறகு எங்கள் பக்கமும் வேலை செய்கின்றன. வேலிச் சண்டை, மாடு பயிரை மேய்ந்த சண்டை, சின்ன அடிதடி எல்லாம் அங்கே பேசித் தீர்கிறது. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரும் மௌலவி ஒருவரும் பள்ளிக்கூட மேசையில் இருந்து இரண்டு பக்கத்தையும் அழவிட்டு, தேநீர் கொடுத்து அனுப்பியதை நான் பார்த்திருக்கிறேன். 1944இன் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம், 1999இன் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டம் இரண்டும் சிறைக்கு அனுப்பாமல், கண்காணித்தோ வேலை செய்ய வைத்தோ திருத்த வழி வைத்திருக்கின்றன. ஆனால் உத்தியோகத்தர் ஒருவருக்கு அளவுக்கு மீறிய ஆட்கள். யாரை எங்கே வேலைக்கு அனுப்புவது என்பதும் பிரச்சினை. ஒரு பாடசாலைக்குப் புல் வெட்ட அனுப்பினால், களவுகாரனைப் பிள்ளைகளுக்கு முன்னால் விடுவதா என்று பெற்றோர் மறிப்பார்கள். அந்தப் பெற்றோரில் ஒருவர்தான் முதல் நாள் தேநீர்க் கடையில் பெடியன்களைத் திருத்த ஒருத்தரும் இல்லை என்று சொன்னவர்.

நேரம் போய்விட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் ஓய்வு பெற்ற கடைசி வருடத்தில் கண்ட ஒரு தாயைப் பற்றிச் சொல்லிவிட்டு இருந்துவிடுகிறேன்.

மகனுக்கு இருபத்திரண்டு வயது. ஐஸ் பாவனை. பக்கத்து வீட்டு காஸ் சிலிண்டரைக் களவாக விற்றான் என்று வழக்கு. முதல் நாளே பிணை கொடுத்தாயிற்று, இரண்டு ஆட்பிணை. மாமன் ஒருவர் வந்து நின்றார். தாயும் வந்திருந்தா. கையில் பொலித்தீன் பைக்குள் அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தர் கடிதம், எல்லாம் ஒழுங்காக. பெயரைக் கூப்பிட்டேன். எழும்பவில்லை. சட்டத்தரணி திரும்பிப் பார்த்தார், நான் இன்னொரு முறை கூப்பிட்டேன். வாங்கில் இருந்தபடியே இருந்தா. மகன் உள்ளே போனான். அடுத்த தவணைக்கும் வந்தா, அதே பை, அதே கடிதம், மறியல் வண்டி போகும் முன் கொடுக்கச் சோற்றுப் பார்சலும். அன்றும் எழும்பவில்லை. இடைவேளையில் குழாயடியில் கண்டு, ஏன் அம்மா என்று கேட்டேன்.

'வெளியில விட்டா சாவான் ஐயா. உள்ள விட்டாலும் சாவான். எங்க விட்டா மெல்லச் சாவான் எண்டு நீங்கள் சொல்லுங்கோவன்.'

நாலாவது தவணை. பெயரைக் கூப்பிட்டேன், எழும்பி வந்தா. பத்திரத்தை வைத்துப் பேனையைக் கொடுத்தேன். எந்த இடத்தில ஐயா என்று கேட்டா. காட்டினேன். வாய்க்குள் எழுத்துக்கூட்டிக்கொண்டு மெதுவாக எழுதினா. மத்தியானம் நான் வெளியே வந்தபோது மதிலோரம் இரண்டு பேரும் இருந்தார்கள். மறியலுக்கென்று கட்டிவந்த சோற்றுப் பார்சலை நடுவில் பிரித்து வைத்திருந்தா. மகன் கை வைக்கவில்லை, தரையைப் பார்த்தபடி காலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவ சாப்பிட்டுக்கொண்டிருந்தா.